டிஸ்கை அழிக்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள்: கணினி சர்வீஸ் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

கணினி சர்வீஸ் செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியை பார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றித் தருவது உங்களுக்கு அன்றாட வேலை. கொடுத்தவருக்கோ அது எப்போதாவது ஒருமுறை வரும் காரியம். மெஷின் வீட்டுக்குப் போன பிறகு திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுத்து வந்து நிற்கிறது. அதைவிட மோசம், அந்த எழுத்து வராமலிருக்க ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஆக்டிவேட் ஆனதாகக் காட்டும் மென்பொருள்) ஒன்றை ஓட்டிவிட்டுக் கொடுப்பது. இரண்டிலும், காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் அவர் கையை விட்டுப் போகிறது. பெரும்பாலும் அது போக வேண்டிய அவசியமே இல்லை. பார்மட்டுக்கு முன் ஒரு பத்து நிமிடம் லைசென்ஸுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மெஷின் பூட் ஆகிற நிலையில் இருந்தால் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, டிஎல்வி என்று அடியுங்கள். வரும் பெட்டியில் மூன்று விஷயம் முக்கியம்: எடிஷன் (ஹோம், ப்ரோ போன்ற விண்டோஸ் வகை), சேனல் (லைசென்ஸ் எந்த வழியில் வந்தது), கீயின், அதாவது லைசென்ஸுக்கான எழுத்துத் தொடரின், கடைசி ஐந்து எழுத்து. அப்படியே செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் திறந்து, இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். சேனலில் ஓஈஎம் டிஎம் (கணினியோடு தயாரிப்பாளரே தந்த லைசென்ஸ்) என்றிருந்தால் கீ பயாஸுக்குள், அதாவது மதர்போர்டு சிப்பில் உள்ள அடிப்படை மென்பொருளுக்குள், இருக்கிறது. ரீடெயில் (தனியாக வாங்கிய லைசென்ஸ்) என்றிருந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். கடைசி ஐந்து எழுத்தைப் பாருங்கள். அது 3வி66டி என்றோ 8எச்விஎக்ஸ்7 என்றோ முடிந்தால், முதலாவது ப்ரோவுக்கும் இரண்டாவது ஹோமுக்கும் உள்ள பொது கீ. உலகம் முழுக்க எல்லா மெஷினிலும் அதே கீதான். உண்மையான உரிமம் டிஜிட்டல் லைசென்ஸாக மைக்ரோசாஃப்டின் சர்வரில், அந்த மெஷினின் வன்பொருள் அடையாளத்தோடு பதிந்து கிடக்கிறது. கீ கண்டுபிடிக்கும் மென்பொருளை ஓட்டி, அது காட்டுகிற இந்தப் பொது கீயைத் தாளில் எழுதி, "உங்க கீ பத்திரம்" என்று சொல்லிக் கொடுப்பது பரவலாக நடக்கிறது. அந்தத் தாளால் எதையும் ஆக்டிவேட் செய்ய முடியாது.

மெஷின் பூட் ஆகவில்லையா? அப்போதும் வழி உண்டு. விண்டோஸ் 8 காலம் தொட்டு, அதாவது 2012 முதல், கம்பெனியிலேயே விண்டோஸோடு வரும் கணினிகளில் கீயை எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையாக ஃபர்ம்வேரில், அதாவது பயாஸில், எழுதிவிடுகிறார்கள். லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, ரூட் அனுமதியோடு, சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, டேபிள்ஸ் என்று இறங்கினால் அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். அதன் கடைசி 29 எழுத்துகள்தான் கீ. நடுவில் வரும் நான்கு கோடுகளும் அதில் சேர்த்தி. கோப்பே இல்லையென்றால் பயாஸில் கீ இல்லை.

அதிகம் சிக்கலாவது எடிஷன்தான். பயாஸில் கீ இருந்தால் இன்ஸ்டாலர் யாரையும் கேட்காமல் அந்தக் கீக்குரிய எடிஷனை ஏற்றிவிடும். ஹோமோடு வந்த லேப்டாப்புக்குப் பிறகு ப்ரோ வாங்கிப் போட்டவர் இருக்கிறார் என்று வையுங்கள். பார்மட் போட்டதும் ஹோம்தான் வந்து உட்காரும், ஆக்டிவேட்டும் ஆகிவிடும். எல்லாம் சரி என்று மெஷினைக் கொடுத்துவிடுவீர்கள். ப்ரோவில் மட்டும் கிடைக்கும் வசதி ஒன்றை அவர் தேடும்போதுதான் விஷயம் வெளியே வரும். இதற்குத் தீர்வு எளிது: நெட்டைத் துண்டித்துவிட்டு, 'சேஞ்ச் ப்ராடக்ட் கீ' பகுதியில் மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருக்கும் ப்ரோவின் பொது கீயைக் கொடுங்கள். எடிஷன் மாறி மெஷின் ரீஸ்டார்ட் ஆன பிறகு நெட்டை இணைத்தால், பழைய ப்ரோ லைசென்ஸை சர்வர் கண்டுபிடித்துக்கொள்ளும். முன்கூட்டியே தெரிந்தால் இன்னும் நல்லது. இன்ஸ்டால் பென் டிரைவின் சோர்சஸ் கோப்புறையில் இஐ.சிஎஃப்ஜி என்ற சிறு கோப்பை உருவாக்கி, எடிஷன் ஐடியைக் காலியாக விட்டு, சேனல் ரீடெயில், விஎல் 0 என்று எழுதிவிட்டால் எந்த எடிஷன் வேண்டும் என்று இன்ஸ்டாலரே கேட்கும்.

ஹோம் வேறு, ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் வேறு. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் பலரும் கவனிப்பதில்லை. ஒன்றின் லைசென்ஸ் மற்றொன்றில் ஏறாது.

மதர்போர்டு விஷயத்துக்கு வருவோம். ரேம், எஸ்எஸ்டி மாற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாறினால் சர்வருக்கு அது வேறு கணினி. எஃப்211 என்று முடியும் பிழை வரும். ரீடெயில் லைசென்ஸ் என்றால் புதிய போர்டுக்குக் கொண்டுபோகலாம். ஓஈஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு முடிந்துவிடும். பழுதுக்காகத் தயாரிப்பாளரே மாற்றித் தரும் போர்டு மட்டும் விதிவிலக்கு. ஆகவே ரீடெயில்காரரிடம் போர்டைக் கழற்றும் முன் சொல்லுங்கள்: அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து லைசென்ஸை அதோடு இணைக்க வேண்டும். 2016இல் வந்த 1607 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. புதிய போர்டில் ஏற்றிய பிறகு ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரைத் திறந்து, வன்பொருளைச் சமீபத்தில் மாற்றினேன் என்ற தெரிவை அழுத்தி, அதே கணக்கில் நுழைந்து, பட்டியலில் பழைய கணினியின் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய போர்டு செத்த பிறகு இணைக்க வழியில்லை என்பதால்தான் இத்தனை வற்புறுத்துகிறோம்.

சிப் லெவல் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பயாஸ் கெட்டுப்போன லேப்டாப்புக்கு, அதே மாடலின் டம்ப் கோப்பை (பயாஸ் சிப்பின் முழு நகல்) எங்கிருந்தோ எடுத்து, புரோகிராமர் என்ற கருவியால் சிப்பில் எழுதுகிறீர்கள். மெஷின் உயிர் பெறுகிறது. ஆனால் அந்த டம்ப் யாருடைய கணினியிலிருந்து வந்ததோ, அவருடைய சீரியல் நம்பரும் விண்டோஸ் கீயும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. சொந்தக்காரரின் கீ அழிந்தது அழிந்ததுதான். அதனால் சிப்பைத் தொட்டதும் முதல் வேலை ரீட், அதாவது உள்ளே இருப்பதைப் படித்துக் கோப்பாகச் சேமிப்பது. இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்; சிப்பில் மாட்டும் கிளிப் சரியாகப் பிடிக்காவிட்டால் இரண்டும் வேறுபடும். கெட்டுப்போன பயாஸிலும் கீ இருக்கும் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் எம்எஸ்டிஎம் என்றோ, ஐந்தைந்து எழுத்தாகக் கோடு போட்ட வடிவத்தையோ தேடி, புதிய டம்பில் அதே இடத்தில் வைத்துப் பிறகு எழுதுங்கள். சீரியல் நம்பரையும் அப்படியே.

விண்டோஸ் 7 மெஷின் வந்தால் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கீயைக் கொடுத்து விண்டோஸ் 10 ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. அதற்கு முன்பே மாறி டிஜிட்டல் லைசென்ஸ் பெற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

ஏற்றி முடித்தும் ஆக்டிவேட் ஆகவில்லை என்றால், கீயைச் சந்தேகிக்கும் முன் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே ஏற்படாது. வைஃபை டிரைவர் ஏறியிருக்கிறதா என்பதும் அதே போல. சி008 என்று முடியும் பிழை, கீ அனுமதித்ததைவிட அதிகக் கணினிகளில் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு. சி003 என்றால் கீயே தடுக்கப்பட்டது. எஃப்213 என்றால் கருவியில் கீ எதுவும் இல்லை.

ஆக்டிவேட்டர் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: வேண்டாம். இவற்றில் பல போலி செய்யும் கேஎம்எஸ் என்பது குறைந்தது 25 கணினிகள் உள்ள நிறுவனங்களுக்கான முறை. 180 நாளுக்குத்தான் செல்லும், இடையிடையே சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு மெஷினில் அதைப் போலியாக ஓட்டுவதற்கு விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கிறீர்கள், அல்லது அதன் கண்ணில் படாதபடி ஒரு கோப்புறையை விலக்கி வைக்கிறீர்கள். அந்த விலக்கு பிறகும் அங்கேயே இருக்கும். அந்த மெஷினில்தான் அவர் பேங்க் வேலை பார்க்கப்போகிறார். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸுக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸில் வால்பேப்பர் போன்றவற்றை மாற்ற முடியாது, மூலையில் எழுத்து நிற்கும், அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லை என்று உண்மையைச் சொல்லி அப்படியே கொடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.

இன்னொரு பழக்கம்: செட்டப்பில் கணக்கு கேட்கும்போது கடையின் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுப்பது. லைசென்ஸ் உங்கள் கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் என்க்ரிப்ஷன் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) தானாக ஆன் ஆனால் அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயும் உங்களிடமே போகும். பின்னாளில் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை அந்தக் கீயைக் கேட்கும்போது அவருடைய போட்டோக்கள் முழுதும் பூட்டிக்கொள்ளும். அவரையே கூப்பிட்டு உட்காரவைத்து, அவருடைய கணக்கைப் போடச் சொல்லுங்கள். அவர் வர முடியாவிட்டால் லோக்கல் கணக்கு போதும்.

பில் கொடுக்கும்போது நான்கு வரி சேர்த்து எழுதுங்கள்: எடிஷன் பெயர், சேனல், கீயின் கடைசி ஐந்து எழுத்து, எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது. ஆபீஸ் இருந்தால் அதுவும் எந்தக் கணக்கில் என்று ஒரு வரி. அடுத்த முறை அந்த மெஷின் உங்களிடம் வராமல் வேறொருவரிடம் போனாலும், அவர் அந்த பில்லைப் பார்த்தே வேலையைத் தொடங்கலாம்.

அன்புடன்,
வீட்டுக் கணினிப் பயனர்களுக்கு உதவும் நண்பர்கள்