வேர்க்கிற ஊரில் காய்கிற சீஸ்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் நீண்ட கடிதமும் படங்களும் ஃபோனில் வந்து சேர்ந்தன. பேத்தி பல் விழுந்த வாயோடு சிரிக்கிற படத்தை வீட்டுக்காரி பறித்துக்கொண்டு போய் அயலெல்லாம் காட்டி முடித்துவிட்டா. என் கண் போனது மற்றப் படத்துக்கு. வட்டச் சீஸின் குறுக்கே நீளமாய் ஒரு வெடிப்பு, ஓரம் மஞ்சள் பழுத்து இறுகிக் கிடக்கிறது, வெடிப்புக்குள் நீலப் பூஞ்சணம் குடிவரத் தொடங்கியிருக்கிறது. வாவிக்கரையில் கொடியில் போட்ட சாரம் இரண்டு நாளாகியும் காயாத ஊரில் ஒரு சீஸ் எப்படியடா காய்ந்து வெடிக்கும் என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். கொஞ்சம் நீட்டித்தான் பதில் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் உன் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் குனிந்து பார். கம்ப்ரெசருக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதில் கொஞ்சம் அழுக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு நீ கதவைத் திறந்தபோதெல்லாம் உள்ளே புகுந்த மட்டக்களப்புக் காற்றினுடையது. மற்றப் பங்கு உன் சீஸிலிருந்து போனது.

கணக்கு இப்படி. 30 பாகை செல்சியஸில் 75 வீத ஈரப்பதன் உள்ள நம்மூர்க் காற்று, ஒரு கன மீற்றருக்குக் கிட்டத்தட்ட 22, 23 கிராம் நீராவியைச் சுமந்துகொண்டு திரியும். சீஸ் முதிர நாம் வைக்கிற 12 பாகையில் அதே அளவு காற்றுக்கு 11 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சம் எங்கே குளிர் கூடவோ அங்கே போய்ப் படியும், அதாவது குளிர்ச்சுருளில். சுருள் சைபருக்குக் கீழே 5 பாகையில் இருந்தால், அதைத் தொட்டுவிட்டு வரும் காற்று திரும்ப 12 பாகைக்கு வரும்போது அதன் ஈரப்பதன் 30 வீதத்துக்கும் குறைவு. அந்தக் காற்றுக்குத் தாகம். குடிக்க அங்கே இருப்பது உன் சீஸ் மட்டும். வெளியில் எவ்வளவு வேர்த்தாலும் கதவு மூடியபிறகு உள்ளே நடப்பது இதுதான். உறைபனி கட்டாத புது மாடல் ஃபிரிட்ஜ் என்றால் இன்னும் மோசம், உள்ளேயிருக்கிற விசிறி அந்த வறட்டுக் காற்றைத் தட்டுத் தட்டாகக் கொண்டுபோய் ஊதும். உன்னுடையது அந்த ரகம் என்று படத்தில் தெரிகிறது. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்தான் இந்த வேலைக்குத் தோது. இங்கே பழுதுபார்க்கிற கடைகளில் தூசிபிடித்துக் கிடக்கும், கேட்டால் மலிவாகத் தருவார்கள்.

வைன் கூலர் ஒன்று வாங்கட்டோ என்றும் கேட்டாய். கம்ப்ரெசர் உள்ளது என்றால் சரி. கம்ப்ரெசர் இல்லாமல் சத்தமேயில்லாமல் ஓடும் பெல்டியர் வகை என்றால் கிட்டப் போகாதே. அது சுற்றுவெப்பத்திலிருந்து ஒரு அளவுக்குத்தான் இறக்கும். கச்சான் என்கிற வறட்டுக் காற்று அடிக்கிற நேரம் வீட்டுக்குள் 33 பாகை நிற்க, அது நாள் முழுக்க மூச்சிரைத்தும் 12ஐத் தொடச் சிரமப்படும்.

இனி நீ எழுதிய திட்டம். மீயொலியால் தண்ணீரைப் புகையாய்க் கக்கும் ஈரமூட்டி ஒன்றை வாங்கி, ஈரப்பதன் குறைந்தால் தானாக ஓடும்படி ஃபிரிட்ஜுக்குள் பூட்டப்போகிறாய். வேண்டாம் மச்சான். ஒரு பக்கம் அது புகையைக் கக்கும், மறுபக்கம் சுருள் அதை உறைபனியாக்கிப் பின்தட்டில் ஊற்றும். இரண்டுக்கும் நடுவில் நீ மின்சாரக் கட்டணம் கட்டுவாய். அது கக்குவதும் நீராவி அல்ல, நுண்ணிய தண்ணீர்த் துளி. ஆவியாகமுன் சீஸில் விழுந்தால் தோல் நனைந்து பிசுபிசுக்கும். உன் கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் அந்த உப்பும் வெள்ளைத் தூளாய்ச் சீஸில் படியும். ஈரத்துவாய் தொங்கவிடுவது, கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது எல்லாம் சாத்வீகமான வழிகள், கெடுதல் இல்லை. ஆனால் சுருள் இழுக்கிற வேகத்துக்கு ஒரு கிண்ணத்தின் வாயகலம் காணாது.

நான் சொல்வது ஒன்றுதான்: ஃபிரிட்ஜிடம் குளிரை மட்டும் கேள். ஈரப்பதனை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியிடம் கேள். சீஸ் பெட்டியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அடியில் சீஸ் தண்ணீரில் படாமல் உயர்த்திவைக்க ஒரு வலை. பன்பாயை வெட்டிப் போடலாமே என்று இவ கேட்டா; அழகாய்த்தான் இருக்கும், ஆனால் கிழமை போகமுன் பாயே பூஞ்சணம் பிடித்துவிடும். கொதிநீரில் கழுவக்கூடிய பிளாஸ்டிக் வலை போதும். தண்ணீர்க் கிண்ணம் ஒன்றும் வேண்டாம். புதுச் சீஸ் விடுகிற ஈரமே அந்தச் சின்ன இடத்தை 85, 90 வீதத்துக்குக் கொண்டுவந்துவிடும். முதிர்ந்து ஈரம் விடாத சீஸுக்கு மட்டும் மூலையில் நனைத்துப் பிழிந்த துணித்துண்டு ஒன்றை வை.

மூடிதான் உன் கட்டுப்பாட்டுக் கருவி. காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு மூடியைத் தூக்கி அதன் உட்பக்கத்தைப் பார். மெல்லிய மூட்டம் என்றால் சரியான பதம். துளிதுளியாய்த் திரண்டு, சாய்த்தால் ஓடுகிறதென்றால் ஈரம் கூடிவிட்டது. சுத்தத் துணியால் துடைத்துவிட்டு மூடியின் ஒரு மூலையை விரல் நுனி புகும் அளவுக்குத் திறந்து வை. மூட்டமே இல்லாமல் வறண்டிருந்தால் இறுக்கி மூடு. சீஸை அதே நேரம் புரட்டிவிடு. வேறு வித்தை இல்லை.

இதில் நம் கரைக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, எந்தப் பிறநாட்டுக்காரனும் உனக்குச் சொல்லமாட்டான். ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடும், ஓட ஓடச் சுருள் உறிஞ்சும். அப்போது மூடி இறுக்கமாய் இருக்கவேண்டும். கார்த்திகை மார்கழி மழையில் வெளியில் குளிர்ச்சி, கம்ப்ரெசர் அதிகம் வேலை செய்யாது, கதவு திறந்தால் வருவதோ நனைந்த காற்று. அப்போது அதே பெட்டி, அதே சீஸ், அதே மூடி, ஆனால் உள்ளே குளம். கச்சானில் செய்து பழகியதையே மாரியிலும் செய்தால் தோல் வழவழத்துப்போகும். உன் சீஸ் வெடித்ததும் இந்தக் கச்சானில் என்பதைக் கவனித்தாயா?

ஈரம் கூடினால் என்னென்ன வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோல் பிசுக்கென்று ஒட்டும், செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ படரும், அல்லது சாம்பல் நிறத்தில் நீள மயிராய் ஒரு பூஞ்சணம் எழும்பிக் கறுத்த தலைகளோடு நிற்கும். அது பிரெஞ்சுக்காரர் பூனைமயிர் என்று திட்டுகிற மியூக்கோர். உப்புநீரில் துணியைத் தோய்த்துத் துடைத்து, மூடியைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும். காய்ந்த வெடிப்பு அப்படியல்ல, உள்ளே இறங்கிவிட்டால் திரும்ப மூடாது. உன்னுடையதை வெடித்த இடத்தோடு வெட்டி, பூஞ்சணம் பிடித்த பக்கத்தைத் தாராளமாய்க் கழித்துவிட்டு, மிச்சத்தைச் சீக்கிரம் சாப்பிட்டு முடி.

எந்தச் சீஸுக்கு எவ்வளவு என்று கேட்டாய். நீ செய்கிற கடினவகைக்கு 80 முதல் 85 வீதம். கமம்பேர் போல வெள்ளைப் பூஞ்சணம் பூத்த மென்சீஸ், உப்புநீரில் கழுவி வளர்ப்பது, இவற்றுக்கு 90 முதல் 95. ஆனால் வீதம் மேலே போகப் போகத் தவறுக்கு இடம் குறையும். 12 பாகையில் 85 வீதம் என்றால் இரண்டு பாகைக்கு மேல் குளிர்ந்தால்தான் நீர் படியும். 95 வீதத்தில் ஒரு பாகை இறங்கினாலே சீஸ் நனைந்துவிடும். கம்ப்ரெசர் ஒருமுறை ஓடி நிற்பதற்குள் அந்த ஒரு பாகை போய்விடும். ஆகவே ஃபிரிட்ஜை 12 பாகையில் நிறுத்த வெளித் தெர்மோஸ்டாட் பூட்டும்போது அதன் உணரியை வெறும் காற்றில் தொங்கவிடாதே, தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தலுக்குள் விடு. காற்றின் ஒவ்வொரு அசைவுக்கும் கம்ப்ரெசர் துள்ளாது. இடம் இருந்தால் இரண்டு மூன்று பெரிய தண்ணீர்ப் போத்தல்களும் அடியில் வை, கரண்ட் போனால் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். 2022ல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்தக் காலம் திரும்ப வராது என்று யார் கண்டது.

உன் ஈரப்பதன் மீற்றர் 62 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பமுன் ஒரு சோதனை. போத்தல் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு ஈரமணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விடு, கரையக் கூடாது. அதையும் மீற்றரையும் காற்றுப் புகாத ஒரு ஜாடியில் ஒரு நாள் மூடி வை. 75 வீதம் காட்டவேண்டும். 70 காட்டினால் ஐந்தைக் கூட்டி வாசி. சுத்திகரித்த மேசை உப்பையே எடு. நிலாவெளி உப்பளத்துக் கல்லுப்பு சமையலுக்கு நல்லது, இதற்கு ஆகாது, அதிலிருக்கிற மக்னீசியம் குளோரைட்டு வாசிப்பைக் கீழே இழுக்கும். பொட்டாசியம் குளோரைட்டு கிடைத்தால் நமக்கு வேண்டிய 85ஐ ஒட்டியே சோதிக்கலாம். நெல்லுக்குப் போடுகிற எம்.ஓ.பி.யும் அதேதான், ஆனால் அந்தச் சிவப்பு உரத்தைச் சாப்பாட்டுச் சாமான் பக்கம் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் உலர்குமிழ் வெப்பமானி வைத்தால் என்ன என்று யோசித்திருப்பாய், நானும் யோசித்தேன். 12 பாகை, 85 வீதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரைப் பாகைகூட வராது. நம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசிப்பதெங்கே. மீற்றரைவிடத் தராசை நம்பு. கிழமைக்கொருதரம் நிறுத்து எழுதி வை. நிறை திடீரென்று விழுந்தால் காய்கிறது, அசையவேயில்லை என்றால் மூடி இறுகிவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் அந்த வறட்டு ஃபிரிட்ஜுக்கு நன்றி சொல்லவேண்டும். உப்பில் ஊறி எடுத்த சீஸை மேசையில் வைத்து உலர்த்து என்று வெள்ளைக்காரன் எழுதுவான். நம் மேசையில் வைத்தால் எருமைப்பால் கொழுப்பு உருகி வெளியே வரும், இலையானும் வரும். பெட்டியில் போடாமல் ஃபிரிட்ஜ் தட்டிலேயே திறந்து வை, ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத தோல் வந்துவிடும். பிறகுதான் பெட்டி. மெழுகு பூசுகிற ஆள் என்றால் அந்தக் கட்டத்தில் பூசிவிட்டு ஈரப்பதனை மறந்துவிடலாம். எனக்கு மெழுகுச் சீஸில் ருசி இல்லை; தோல் மூச்சு விட்டால்தான் மணம் வரும் என்பது என் கட்சி. பிரான்ஸில் றொக்ஃபோர் என்ற நீலப் பூஞ்சணச் சீஸ் செய்கிறவர்களுக்குக் கொம்பலூ மலைப் பாறை வெடிப்புகளுக்குள்ளால் குளிர்ந்த ஈரக்காற்று சும்மா வருகிறது. நமக்கு நிலத்திலிருந்து வந்தது கன்னியா வெந்நீர்தான், என்ன செய்ய.

இங்கே வேறு புதினம் பெரிதாய் இல்லை. முழங்கால் அப்படியே. மான்கள் மதிலுக்குள் வந்து இவவின் செவ்வரத்தையை மொட்டையடித்துவிட்டுப் போயின. கிண்ணியாவிலிருந்து பால் கொண்டுவருகிற தம்பி புல் காய்ந்துவிட்டதென்று அளவைக் குறைத்துவிட்டார், ஆவணி வரை சின்ன வட்டம்தான் செய்யலாம். ஃபிரிட்ஜ் சீஸுக்குப் போனபிறகு மீன் வைக்க இடமில்லை என்று வழக்கு ஒன்று வீட்டில் நிலுவையில் இருக்கிறது. தீர்ப்பு எனக்கெதிராய்த்தான் வரும்.

கோயில் திருவிழாவுக்கு வருவதாய்ச் சொன்னாயே, வரும்போது அந்த மீற்றரை எடுத்துக்கொண்டு வா, என்னுடையதோடு சேர்த்து ஒரே ஜாடியில் போட்டுப் பார்ப்போம். இன்னொன்று, பாலை எப்படிக் காய்ச்சுகிறாய் என்று நீ எழுதவேயில்லை. 63 பாகையில் அரை மணித்தியாலம் வைக்கிறாயா, அல்லது பச்சையாகவே உறையவிடுகிறாயா? பச்சைப்பால் என்றால் பேத்திக்குக் கொடுக்காதே. மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்