அரை மில்லி செக்கனுக்குள் முடிய வேண்டிய வேலை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பருக்கு,

நலம்; உம் வீட்டாரின் நலமறிய ஆவல். அதிவேகப் புகையிரதங்களுக்கான கம்பியில்லாத் தொடர்பை ஜீ.பீ.யூ.வில், அதாவது ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே வேளையில் செய்யும் வரைகலை முறைவழியாக்கியில், இயக்கும் பணிக்கு நீர் மாறியிருப்பது பெருமகிழ்ச்சி. அதற்கு அந்த முறைவழியாக்கியின் வேகம் போதுமா என்று கேட்டிருந்தீர். போதும் என்றே நினைக்கிறேன். கடினமானது, வேலையை அரை மில்லி செக்கன் என்ற கெடுவுக்குள் முடிப்பதுதான்.

உயர்தர மாணவருக்கு நகரும்போது அலையின் மீடிறன் மாறித் தோன்றும் டொப்ளர் விளைவைக் கற்பிக்கும்போது உதயதேவிப் புகையிரதத்தைத்தான் எடுத்துக்காட்டுவேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், 1800 மெகாஹேர்ட்ஸ் அலையில், மீடிறன் 100 ஹேர்ட்ஸ் அளவே விலகும். உமது புகையிரதமோ 300 கிலோமீற்றர் வேகத்தில், 3.5 கிகாஹேர்ட்ஸில், ஏறத்தாழ 970 ஹேர்ட்ஸ் விலகலைக் காணும். முன்னாலிருந்து வரும் அலையின் மீடிறன் கூடுவதாலும், பின்னாலுள்ள கட்டடத்தில் தெறித்து வருவதன் மீடிறன் குறைவதாலும், ஒரே திருத்தத்தால் இரண்டையும் சீராக்க முடியாது. அத்துடன் அலைப்பாதையின் தன்மை அரை மில்லி செக்கனுக்குள்ளேயே மாறிவிடுகிறது. ஐந்தாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பில், துணைக் காவியலைகளுக்கிடையே 30 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி இருக்கும்போது, ஒரு காலத்துண்டின் நீளமும் அதுவே. துண்டின் தொடக்கத்தில் செய்த மதிப்பீடு அதன் முடிவில் பழையதாகிவிடும்.

2017இல் ரொனி ஹடானியும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஓ.டி.எப்.எஸ். என்ற சமிக்ஞை அனுப்பும் முறை இதனாலேயே என்னைக் கவர்கிறது. அதில் ஒவ்வொரு தெறிப்பும் அதன் தாமதத்தையும் டொப்ளர் விலகலையும் குறிக்கும் ஒரு சில புள்ளிகளாகச் சுருங்குகிறது. அப்புள்ளிகள் விரைவில் இடம்மாறுவதில்லை. ஆனால் சட்டகம், அதாவது ஒன்றாக அனுப்பப்படும் குறியீடுகளின் தொகுதி, முழுவதும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். 512க்கு 16 என்ற சட்டகத்தில் 8192 குறியீடுகளை ஒன்றாகவே தீர்க்க வேண்டும். அவற்றைத் தொடர்புபடுத்தும் எண்களின் அட்டவணையான தாயம் முழுவதையும் நேர்மாறாக்குவது கெடுவுக்குள் நடவாது. பாதைகள் சிலவே என்பதால், ஒவ்வொரு பெறுமானமும் சில குறியீடுகளோடு மட்டுமே தொடர்புடையது. அந்த ஐதான தொடர்பைப் பயன்படுத்திச் செய்தி பரிமாறும் கண்டறி முறையை, அதாவது குறியீடுகளைப் பற்றிய ஊகங்களை மீண்டும் மீண்டும் பரிமாறித் திருத்தும் முறையை, ஜீ.பீ.யூ.வில் ஒரே வேளையில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். ஜீ.பீ.யூ.வுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு அரிது. ஆயினும் நினைவகத்தை ஒழுங்கின்றி வாசித்தால், 32 இழைகள் கொண்ட குழு முழுவதுமே காத்து நிற்கும்.

எனக்குக் கவலை தருவது கணக்கைவிட அதன் போக்குவரத்தே. ஒவ்வொரு சிறு நிரலையும் ஏவுவதற்குச் சில மைக்ரோ செக்கன்கள் செல்கின்றன. தரவை மத்திய நினைவகத்தின் ஊடாகப் பிரதி செய்வதற்கு மேலும் நேரம் போகிறது. ஆகவே சிறு நிரல்களை ஒன்றிணைத்து, வலையமைப்பு அட்டையிலிருந்து தரவை நேரே ஜீ.பீ.யூ. நினைவகத்தில் எழுதச் செய்வதே வழி. பல சட்டகங்களைச் சேர்த்துத் தீர்த்துப் பெறும் செக்கனுக்கான உயர்ந்த வீதம் கண்ணுக்கு அழகாக இருக்கும்; ஆனால் கெடுவைத் தவறவிட்ட விடையால் எப்பயனும் இல்லை.

உமது அளவீடுகளில் சராசரி நேரத்தை விட்டு, மிக மோசமான நேரங்களை எனக்கு அனுப்பிவையும். மென்பொருளாகவே செய்யக்கூடிய வேலையாதலால், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒலுவில் பொறியியல் பீடத்து மாணவர் ஒருவர் விளையாட்டுக் கணினியின் வரைகலை அட்டையைக் கொண்டும் இதைத் தொடங்கலாம். பதிவுசெய்த சமிக்ஞைகளில் பகிரத்தக்கவை இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்பும்.

என்றும் அன்புடன்,
உமது பழைய நண்பன்