கிடைக்காதபோது என்ன செய்வது?

அன்புள்ள நண்பா,

முழங்கால் தேறிவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. ஆனால் கடைசிப் பத்தியில், நாம் எழுதும் லினக்ஸ் வட்டு டிரைவர்களைப் பற்றி, "நினைவகம் தீர்ந்தால் எப்படியும் எல்லாம் போச்சு, அதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் பளு சோதனையில் கோப்பு முறைமை திடீரென்று 'படிக்க மட்டும்' நிலைக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கேபிளைத் திட்டினேன். குற்றவாளி என் டிரைவர்தான். படிக்கவோ எழுதவோ சொல்லும் கோரிக்கை வந்து விழும் இடத்தில் உறங்கிக் காத்திருக்க முடியாது; அங்கே ஒரு சிறு நினைவக ஒதுக்கீடு கிடைக்காமல் போக, நான் 'உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை' என்று திருப்பியிருந்தேன். கோப்பு முறைமையின் காதில் அது 'வட்டு செத்தது' என்றே விழும். 'இப்போது வளம் இல்லை' என்று திருப்பியிருந்தால், பிளாக் அடுக்கு (கோரிக்கைகளை டிரைவருக்கு அனுப்பும் கெர்னல் பகுதி) சற்றுப் பொறுத்து அதே கோரிக்கையை மறுபடி அனுப்பியிருக்கும். அதைவிட நல்லது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் டிரைவருக்கு வேண்டிய இடத்தின் அளவை முதலிலேயே சொல்லிவிடுவது. கோரிக்கையோடு சேர்த்தே இடம் ஒதுக்கப்பட்டுவிடும், அப்புறம் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு இடத்தில் இதைவிட மோசம். எழுதும் வேலையைச் செய்யும் இழை உறங்கலாம் என்பதால், அங்கே வழக்கமான கொடியோடு (எப்படி ஒதுக்கலாம் என்று கெர்னலுக்குச் சொல்லும் குறி) நினைவகம் கேட்டிருந்தேன். நெருக்கடி வந்ததும் கெர்னல் இடம் விடுவிக்க அழுக்குப் பக்கங்களை (மாறியும் இன்னும் வட்டில் எழுதப்படாதவை) வட்டுக்கு எழுதப் பார்க்கிறது. அந்த எழுத்து என் டிரைவர் வழியாகத்தான் போக வேண்டும். என் டிரைவரோ நினைவகத்துக்குக் காத்து நிற்கிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்! இப்போது, இடம் விடுவிக்க வட்டுப் பக்கம் போகாதே என்று சொல்லும் 'நோ-ஐஓ' கொடியோடு, மெம்பூல் என்ற கையிருப்பிலிருந்து எடுக்கிறேன். மெம்பூல் தொடக்கத்திலேயே சில துண்டுகளை ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அவையும் தீர்ந்தால், முந்தைய கோரிக்கை முடிந்து ஒன்று திரும்பும்வரை காத்திருக்கும். (ஒரே இழை ஒரே பூலில் இரண்டு துண்டு கேட்டால் மறுபடி அதே கல்யாணக் கதைதான், ஜாக்கிரதை.)

காத்திருக்கக்கூடிய சூழலில், பக்க அளவு 4 கிலோபைட் என்றால், 32 கிலோபைட் வரையிலான ஒதுக்கீடுகளை லினக்ஸ் ஏறக்குறைய எப்போதும் எப்பாடுபட்டாவது கொடுத்துவிடும். அதனால் ஒதுக்கீடு தோற்றால் ஓட வேண்டிய நம் தோல்விப் பாதைகள் ஒருநாளும் ஓடிப் பார்த்ததில்லை. ஃபெயில்ஸ்லாப் என்ற வசதி ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்க வைக்கும். அதைப் போட்டவுடன் என் தொடக்க நிரல், இன்னும் உருவாகவே இல்லாத வரிசையை விடுவிக்கப் போய் விழுந்தது. பிழை வந்தால் தாவிப் போய், உருவாக்கியவற்றை விடுவிக்கும் கோட்டூ (goto) லேபிள்களை, உருவாக்கியதற்குத் தலைகீழ் வரிசையில் அடுக்காத வினை.

உன் டிரைவரையும் ஓரிரவு அப்படி ஓடவிட்டு, எத்தனை இடத்தில் விழுந்தது என்று எழுது. என் கணக்கு பதினொன்று.

உன்,
பழைய அறைத்தோழன்