ஆச்சி வீட்டுச் சுவரின் சிவப்பு

தங்கப் பிள்ளைக்கு அம்மா எழுதுவது.

பலகையில் சுண்ணாம்பு பூசி நீ வரைந்த ஆச்சி வீட்டுப் படமும், கவிதையும் பார்த்தேன். வீட்டு வாசல் நடை அப்படியே வந்திருக்கு, நிறம்தான் வரலை. சுண்ணாம்பு பலகையை விட்டு உதிருது, மஞ்சள் வைத்த இடம் சிவந்து, பிறகு வெளுத்துப் போச்சு, என்ன காரணம் என்று கேட்டிருந்த.

மஞ்சளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்துதானே சிவக்குது? அதையேதான் பலகையில் செய்திருக்க. அந்தச் சிவப்பும் நிற்காது, தனி மஞ்சளும் வெயிலில் நிற்காது. சுண்ணாம்போடு தாங்குவது மண்ணும் கரியும்தான்: காவி, மஞ்சள் மண், விளக்குக் கரி. நீலம் வேணுமென்றால் துணிக்குப் போடுகிற நீலப்பொடி. பூவிலும் இலையிலும் எடுக்கிற சாயத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாத.

உதிர்வதற்குக் காரணம் உன் பிளைவுட். சுண்ணாம்பு ஈரத்தோடு இருக்கும்போது காற்றை வாங்கித்தான் இறுகும். வழவழப்பான பலகையில் அதுக்குப் பிடிமானமும் இல்லை, காற்றாடியைப் போட்டு ஒரு மணி நேரத்தில் காய வைத்தால் இறுக நேரமும் இல்லை. மிஞ்சுவது வெறும் மாவு. பலகைக்குப் பதில் மொட்டைமாடிக்குப் பதிக்கிற தட்டை ஓடு வாங்கு. முந்தின நாள் சாயங்காலமும், பூசும் முன்னாலும் தண்ணீரில் நனை. நிழலில் வைத்துப் பூசு.

நீற்றாத சிப்பிச் சுண்ணாம்பு 1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் கணக்கு. தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும், சுண்ணாம்பு மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெறித்தால் கண் போயிரும். கொதிக்கும், அதனால் பிளாஸ்டிக் வாளி ஆகாது. ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டு. நீறாத கட்டி ஒன்று தப்பிப் போனாலும், பூசின பிறகு அது உள்ளேயே நீறி, பொரி மாதிரி வெடித்து விழும். சுவரில் அங்கங்கே அம்மைத் தழும்பு போலக் குழி பார்த்திருப்பியே, அதுதான். பதம் பால் மாதிரி இருக்கணும். மூன்று பூச்சு, ஒரு நாளைக்கு ஒன்று. ஈரத்தில் வெள்ளை தெரியாது, ஓடு நிறமே தெரியும். பதறிப் போய் கெட்டியாக அப்பினால் வெடிக்கும்.

மூன்றாம் பூச்சு காயும் முன்னால் காவி. விரலில் ஒட்டக் கூடாது, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியணும். அந்த நேரம் வைத்த காவிக்குப் பசையே வேண்டாம், சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். நேரம் தப்பிவிட்டால் பிசின் கலந்துதான் வைக்கணும். சுண்ணாம்பும் காவியும் ஒரே கிண்ணத்தில் கலந்துவிடாத, ரோஸ் பவுடர் நிறம் வரும். கோயில் மதில் பட்டையில் அந்த நிறத்தை எங்கேயாவது பார்த்திருக்கியா?

காவிக்கட்டி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். எனக்குப் பிடித்தது திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண், அந்தச் செம்மணல் மேட்டு மண். அங்கே சிவப்பு மணலுக்குள்ளே இல்லை, மணல் மேல் இரும்புத் துரு தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. அரைப் பானை மண்ணில் தண்ணீர் ஊற்றி, கையால் நன்றாகப் பிசைந்து கலக்கு. முப்பது எண்ணுவதற்குள் மணல் அடியில் தங்கிவிடும், கலங்கின சிவப்புத் தண்ணீரை வேறு பானைக்குச் சாய்த்துவிடு. மூன்று தடவை இப்படிச் செய்து ராத்திரி முழுக்க ஆடாமல் வை. காலையில் தெளிவை இறுத்துவிட்டு வண்டலை நிழலில் காய வை. கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் நகத்தில் தேய்த்தால் நெறுநெறுக்காது.

காகிதத்தில் வரைய அந்த வண்டலே போதும். கருவேலம் பிசின் 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு, ராத்திரி ஊறவிட்டு வடிகட்டு. அம்மிக் கல்லில் மண்ணோடு சேர்த்து இழைக்கணும், ரெண்டு சொட்டுத் தேன் விட்டால் வெடிக்காது. காய்ந்ததும் விரலில் நிறம் வந்தால் பிசின் குறைவு, பளபளத்தால் அதிகம். விளக்குக் கரியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், எண்ணெய்ப் பிசுக்கு. முதலில் பிசின் நீரில் குழைத்துவிட்டுத்தான் தண்ணீர் விடணும்.

பழைய சுவரோவிய வேலை பார்க்கணும் என்றால் குற்றாலம் சித்திரசபைக்குப் போ, திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள்ளே ஏறிப் பார். தூரத்தில் நின்று படம் எடுக்காமல், கோடும் நிறமும் சேருகிற ஓரத்தைக் கிட்டத்தில் பார்.

கவிதைக்கு வருகிறேன். “ஆச்சி ஓலைப்பாய் நெய்கிறாள்” என்று எழுதியிருக்க. ஓலைப்பாய் முடைவது, கோரைப்பாய்தான் நெய்வது. பத்தமடையில் பருத்தி நூலை நீளவாக்கில் பாவாகக் கட்டி, கிழித்து ஊறவைத்த கோரையை ஊடாகக் கொடுப்பார்கள். அதில் தறி உண்டு, தட்டும் சத்தம் உண்டு. முடைகிறவளுக்குக் கையும் காலும்தான், சத்தம் ஓலை உரசுவது மட்டும். உன் கவிதையில் “தறியோசை” என்று ஒரு வரி வருதே, அது ஆச்சி திண்ணையில் கேட்காது. அப்புறம் “பச்சை ஓலை” என்று மூன்று இடத்தில். பெட்டி முடைகிற குருத்தோலை பச்சை இல்லை, உரித்த பூண்டு நிறம். மரத்தில் விரிந்து நிற்கிற சாரோலைதான் பச்சை. விழுந்து கிடப்பது காவோலை. மூன்று ஓலைக்கும் மூன்று பெயர் இருக்கும்போது பச்சையை ஏன் கட்டிக்கிட்டு அழணும்? கடைசி நாலு வரி நன்றாக இருக்கு, அதில் கை வைக்காத.

சின்ன மாமா சென்னைக்கு வருகிறார். கால் கிலோ தேரி வண்டலும், ஊறின பிசின் ஒரு பாட்டிலும் கொடுத்துவிடுகிறேன். உங்க ஊர்க் கடற்காற்றில் பிசின் சீக்கிரம் பூசணம் பூத்துவிடும், அதனால் உள்ளே ரெண்டு கிராம்பு கிடக்கும். குப்பை என்று எடுத்து எறிஞ்சிராத.

அம்மா