பிரிண்டருக்கும் ஒரு துண்டு போட்டு இடம் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் 'பிரிண்டர் வேலை செய்யலை, நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வேலை செய்ய மனமில்லாதவர்கள் சொல்லும் சாக்கு இது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அதே வார்த்தையை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல முறை சொன்னவள் நான். என் கதையையும் கேளுங்கள்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் போடும் பச்சைத் தேயிலைக்கு மாதம் ஒரு முறை பட்டுவாடா. எத்தனை கிலோ, என்ன விலை, உரத்துக்கு வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு பிடித்தம் என்று ஆளுக்கு ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். முன்பு ஊசியால் குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று இருந்தது. ஊரையே கூட்டும் சத்தம். ஆனால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு வயர், அழுத்தினால் அடிக்கும்.

பிறகு லேசர் பிரிண்டர் வந்தது. ஐந்து கம்ப்யூட்டருக்கும் இது ஒன்றே போதும் என்றார்கள். போட்டுக் கொடுத்தவர் அதை மேனேஜர் அறையில் வைத்து, அவருடைய கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வயரைச் செருகி, அங்கிருந்து மற்ற நான்குக்கும் 'ஷேர்' செய்துவிட்டுப் போனார். மேனேஜர் லீவு போட்டு அறையைப் பூட்டினால் எங்களுக்கும் லீவு. 2021 ஜூலையில் விண்டோஸில் பிரிண்டருக்குப் போகும் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் என்ற பகுதியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்து, அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் திருத்தம் மேல் திருத்தமாக அனுப்பியது. செப்டம்பர் அப்டேட் ஏறியதும், இப்படி இன்னொரு கம்ப்யூட்டர் வழியாகப் பகிர்ந்த பிரிண்டர்கள் பல ஊர்களில் 11பி என்று முடியும் ஒரு பிழை எண்ணைக் காட்டி நின்றுபோயின. எங்களுடையதும் நின்றது.

கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் இந்த முறை பிரிண்டரிலிருந்து நேராக, எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்கும் நெட் பெட்டியான ரூட்டருக்கு லேன் வயர் இழுத்தார். அதுதான் சரியான முறை, அதில் குறையில்லை. குறை எங்கே என்றால், பிரிண்டருக்கு ஐபி எண்ணை, அதாவது கம்ப்யூட்டர்கள் அதைத் தேடிப் போகும் விலாசத்தை, ரூட்டரே தானாகக் கொடுக்கும்படி விட்டுவிட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் மரம் விழாத வாரம் உண்டா? கரண்ட் போய் வரும். ரூட்டர் அணைந்து எழுந்ததும் யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு எண்ணைக் கொடுக்கும். பிரிண்டரின் பழைய எண் சூப்பர்வைசர் செல்போனுக்குப் போயிருக்கும். கம்ப்யூட்டர்கள் பாவம், அந்தப் பழைய எண்ணிலேயே பிரிண்டரைத் தேடிவிட்டு 'ஆஃப்லைன்' என்று சொல்லும்.

அவர் ஒவ்வொரு முறை வரும்போதும் பழையதை அழிக்காமல் பிரிண்டரைப் புதிதாகச் சேர்த்துவிட்டுப் போவார். என் திரையில் ஒரே மிஷினுக்கு நான்கு பெயர்: வெறும் பெயர், காப்பி 1, காப்பி 2, காப்பி 3. எதற்கு உயிர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் அனுப்பிப் பார்ப்போம்.

ஒரு நாள் காலை கரண்ட் வந்தபோது பிரிண்டருக்குப் பழைய எண்ணே திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். யாரும் எதையும் அழுத்தவில்லை. மிஷின் தானாகச் சூடேறி, பத்து நாளாக வரிசையில் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தது. எல்லாம் பிடித்தத்தைத் திருத்துவதற்கு முந்தைய கணக்கு. பொறுக்கி எடுப்பதற்குள் ஒன்று ஒரு பெரியவர் கைக்குப் போய்விட்டது. இரண்டு சீட்டையும் மேஜைமேல் விரித்து வைத்து, 'இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு போட்டிருக்கு, எதும்மா நெசம்?' என்று கேட்டார். சோலூர்மட்டம் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார் மனிதர்.

பொங்கலுக்கு வந்த என் அக்கா மகன்தான் சரி செய்தான். பிரிண்டரின் சின்னத் திரையில் போய் அமைப்புப் பக்கத்தை அடித்தான். அதில் ஐபி எண்ணும் இருக்கிறது, கம்பெனியிலேயே பதித்த 12 எழுத்து மேக் எண்ணும் இருக்கிறது. 'பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்களே சித்தி, அதேதான். ரூட்டருக்குள்ள போய் இந்த மேக் எண்ணுக்கு இந்த ஐபின்னு ஒதுக்கி வெச்சுட்டா வேற யாரும் உக்கார முடியாது' என்றான். ஆனால் ரூட்டரின் பாஸ்வேர்டு? போட்டுக் கொடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும். போன் செய்தால், 'நானே வந்து பாத்துக்கறேன்' என்கிறார். வந்தால் வந்ததற்கு ஒரு பில். கடைசியில் ரூட்டரின் பின்னால் உள்ள ஓட்டையில் ஊக்கை அழுத்தி எல்லாவற்றையும் அழித்து, நெட் கொடுப்பவரிடம் கேட்டு முதலிலிருந்து அமைத்தான். காப்பிகளை எல்லாம் நீக்கி, ஐந்து கம்ப்யூட்டரிலும் பிரிண்டரின் விலாசமாக அந்த ஒரே ஐபி எண்ணைக் கொடுத்தான். ரூட்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டச் சொன்னான். லேசர் பிரிண்டரை அதில் மாட்டக் கூடாதாம், சூடேறும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

இன்னொன்று, இது மலைக்காரர்களுக்கு. காகிதக் கட்டைப் பிரித்து வெளியே வைக்காதீர்கள். பனியில் ஈரம் ஏறிய தாள் சூட்டில் சுருண்டு உள்ளே சிக்கும். நான் பல்பு எரியும் பீரோவில் பூட்டி வைக்கிறேன். சர்க்கரை வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

அலுவலகம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒரு தாள். பிரிண்டர் போட்டுக் கொடுத்தவருக்குப் பணம் கொடுக்கும் முன், பிரிண்டரின் ஐபி எண், மேக் எண், ரூட்டர் பாஸ்வேர்டு மூன்றையும் எழுதி வாங்குங்கள். பாஸ்வேர்டை மேனேஜர் வைத்துக்கொள்ளட்டும், ஐபி எண்ணை மிஷின் மேலேயே ஒட்டுங்கள். பிரிண்டரைக் கம்ப்யூட்டரில் சேர்க்கத் தேவைப்படும் டிரைவர் கோப்பு ஒரு பென் டிரைவில் இருக்கட்டும்.

கடிதம் எழுதிய அந்த வாசகருக்கு: அடுத்த முறை அப்படிச் சொன்னால், 'எண் மாறியிருக்கா பாருங்க' என்று கேளுங்கள். உள்ளே இருப்பவர் ஒரு நிமிடம் முழிப்பார். பிறகு எழுந்து போய்ப் பார்த்தாலும் பார்ப்பார்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு எழுத்தர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.