பயிற்சி ஹர்டிலுக்கு விழத் தெரிய வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.வி.சி. குழாய்களைக் கொண்டு சிறு ஹர்டில்களை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். கால் வேகத்தையும் சட்டென்று திசை மாறும் திறனையும் வளர்க்க இந்தத் தடைகள் நன்றாகவே உதவும். ஆனால் அந்தக் குறிப்பில் உள்ள இரண்டு யோசனைகளைப் படித்தபோது கவலையாக இருந்தது. எல்லா இணைப்புகளையும் பசை போட்டு இறுக்கச் சொல்கிறது ஒன்று. ஆடாமல் நிற்கக் குழாய்க்குள் மணல் நிரப்பச் சொல்கிறது மற்றொன்று. இரண்டையும் யாரும் செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

காலில் பட்டால் தடை விலகிக்கொடுக்க வேண்டும். எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் களைப்பு ஏறிய கடைசிச் சுற்றுகளில் முழங்கால் இரண்டு விரல் அளவு தாழும், பாதம் குழாயில் தட்டும். அப்போது குழாய் லேசாக விடுபட்டால் அடுத்த அடியை வைத்து ஓடிவிடலாம். விடுபடாவிட்டால் ஓடுபவர் கைகளை ஊன்றித்தான் விழுவார். மணல் நிரப்பிய குழாய் காலுக்குக் கிட்டத்தட்ட இரும்புக் கம்பிதான். 75 செ.மீ. நீளமுள்ள 25 மி.மீ. குழாய் வெறுமனே 150 கிராம் இருக்கும். மணலை நிரப்பினால் அது அரைக் கிலோவைத் தாண்டிவிடும்.

போட்டி ஹர்டிலுக்கே இதற்கு விதி இருக்கிறது. உலகத் தடகள விதிகளின்படி அதன் எடை 10 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆனால் மேல்பட்டையின் நடுவில் கிடைமட்டமாகத் தள்ளினால் 3.6 முதல் 4 கிலோ வரையிலான விசையில் சாய்ந்துவிட வேண்டும். உயரத்தை மாற்றும்போது அடியிலுள்ள எடைக் கட்டிகளையும் நகர்த்துவது இந்த அளவு மாறாமல் இருக்கத்தான். அதன் அடிக்கால்கள் வீரர் ஓடிவரும் பக்கமாக நீண்டிருக்கும். அதனால் ஓடும் திசையில் சாயும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து இடித்தால் சாயாது. சுறுசுறுப்புப் பயிற்சியிலோ முன்னே ஓடுவது, பின்னே வருவது, பக்கவாட்டில் தாவுவது எல்லாமே கலந்திருக்கும். பழைய போட்டி ஹர்டில்களைத் தாழ்த்தி வைத்துச் சிறுவர்களை இருபுறமும் ஓடவிடுவது இதனால்தான் தவறு. நன்றாக வேகமெடுத்து ஓடும் பெரியவர்களுக்காக வைத்த 4 கிலோ அளவு, பத்து வயதுப் பிள்ளையின் காலுக்கு மிக அதிகம்.

உயரம் குறைவுதானே, ஒட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தாழ்ந்த ஹர்டிலில்தான் சிக்கல் அதிகம். ஒட்டிய ஹர்டிலை இடித்தால் அது சாய வேண்டும், இல்லையேல் தரையோடு வழுக்கிப் போக வேண்டும். எது நடக்கும் என்று அறிய, அடிக்காலின் முன்பாதி (ஓடும் திசையில் நீளும் பாதி) நீளத்தை ஹர்டிலின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை தரையின் உராய்வு எண்ணைவிடக் குறைவாக இருந்தால் சாயும், கூடுதலாக இருந்தால் வழுக்கும். 45 செ.மீ. உயரத்துக்கு 10 செ.மீ. முன்பாதி என்றால் விடை 0.22, பெரும்பாலும் சாய்ந்துவிடும். 15 செ.மீ. உயரத்துக்கு 15 செ.மீ. முன்பாதி வைத்தால் விடை 1. பிளாஸ்டிக் அடிக்கால் உள்ள ஹர்டில் அப்போது வழுக்கத்தான் செய்யும். முதல் கால் அதை முன்னே தள்ளிக்கொண்டு போகும், இரண்டாவது கால் அதன் மேலேயே வந்து இறங்கும். கணுக்கால் பிசகுவது அந்த இடத்தில்தான்.

எனவே தாங்கிகள் அசையாமல் நிற்க, குறுக்குக் குழாய் மட்டும் கழன்று விழும்படி அமைப்பதே பாதுகாப்பு. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரு ஹர்டிலுக்குத் தேவையானவை: 25 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயில் 75 செ.மீ. நீளக் குறுக்குத் துண்டு ஒன்று, நிற்கும் துண்டுகள் இரண்டு, அதே அளவு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) இரண்டு, 12 மி.மீ. பிளைவுட்டில் 25-க்கு 15 செ.மீ. பலகை இரண்டு, 20 மி.மீ. விட்டமும் 3.5 செ.மீ. உயரமும் உள்ள உருளை மரக்கட்டை இரண்டு. ஆறு ஹர்டில்களுக்கு, 30 செ.மீ., 15 செ.மீ. ஆகிய இரு உயரங்களுக்கும் நிற்கும் துண்டுகள் சேர்த்து, 9 மீட்டர் குழாய் போதும்.

பலகையின் 25 செ.மீ. பக்கம் ஓடும் திசையில் இருக்கட்டும். மரக்கட்டை நடுவில் வேண்டாம். உள்விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி அமைய வேண்டும். அப்போது பலகையின் பெரும்பகுதி வெளிப்புறமாக இருக்கும், ஓடுபவர் கால் வைக்கும் இடத்துக்குள் நீளாது. கட்டையைப் பலகையின் அடியிலிருந்து இரண்டு 35 மி.மீ. திருகாணிகளால் பிடியுங்கள். ஒன்றே போட்டால் கட்டை சுழன்று சுழன்று தளர்ந்துவிடும். மரத்தின் வெட்டு முனையில் ஏறும் திருகாணிக்குப் பிடிமானம் குறைவு என்பதால் மரப்பசையும் தடவ வேண்டும். சிறு துளை போடாமல் முறுக்கினால் கட்டை பிளக்கும். திருகாணியின் தலை பலகைக்குள் முழுதாக அமிழ்ந்திருக்க வேண்டும். அதன் மேல் 3 மி.மீ. ரப்பர் தகடு ஒட்டினால் பலகை வழுக்காது. பலகையின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, கட்டைக்கும் பலகைக்கும் வார்னிஷ் அடியுங்கள். ஈரத்தில் கட்டை ஊதினால் குழாய் உள்ளே இறங்காது. மாறாகக் குழாய் தொளதொளவென்று ஆடினால் கட்டையைச் சுற்றி ஒரு சுற்று டேப் போதும்.

இனி டீ. இந்த அமைப்பின் உயிர்நாடி அதுதான். டீயின் தண்டு கீழே நிற்கும் குழாயில் ஏற, அதன் நீளவாக்குப் பகுதியின் மேற்புறத்தை ஹாக்ஸாவால் சீவி எடுத்து, குறுக்குக் குழாய் படுக்கும் பள்ளமாக்க வேண்டும். எவ்வளவு சீவுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சரிபாதியாக அறுத்தால் பள்ளத்தின் உதடு குழாயின் மையத்துக்கு நேராக வந்துவிடும். அப்போது கிடைமட்டமாக எவ்வளவு தள்ளினாலும் குழாய் ஏறி வெளியே வராது, தாங்கியைத்தான் இழுத்துச் சாய்க்கும். பள்ளத்தின் ஆழம் 5 மி.மீ. மட்டும் இருக்கட்டும். அந்த ஆழத்தில், 150 கிராம் குழாய் சுமார் 200 கிராம் விசையில் உதட்டைத் தாண்டிவிடும். அதே நேரம் 30 செ.மீ. உயரத்தில் இரண்டு தாங்கிகளும் சாயக் குறைந்தது 350 கிராம் விசை வேண்டும். அதாவது குழாய் எப்போதும் முந்திக்கொள்ளும். ஒரு முனைக்கு அருகில் இடித்தாலும் கணக்கு மாறாது: அந்த முனை 100 கிராமில் விடுபடும், அந்தத் தாங்கி சாயவோ குறைந்தது 180 கிராம் வேண்டும்.

ஆழத்தை அளக்கச் சிரமப்பட வேண்டாம். பள்ளத்தின் வாய் அகலத்தை ஸ்கேலால் அளந்தால் போதும். 20 மி.மீ. இருந்தால் ஆழம் 5 மி.மீ. என்று பொருள். டீயின் உள்ளே, குழாய் மேலும் நுழையாமல் தடுக்க ஒரு வரம்பு இருக்கும். அதை வட்ட அரத்தால் ராவி எடுக்காவிட்டால் குறுக்குக் குழாய் அதன் மேல் தூக்கி நின்று ஆடும். அறுத்த விளிம்புகளின் பிசிறையும் ராவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். ஒரு சிறு பிசிறு போதும், குழாய் சிக்கிக்கொள்ள.

நிற்கும் துண்டின் நீளத்திலும் ஏமாறுகிறார்கள். 30 செ.மீ. ஹர்டில் என்று 30 செ.மீ.க்கே அறுத்தால் உயரம் 34 செ.மீ.க்கு மேல் வந்து நிற்கும். பலகையும் ரப்பரும் சேர்ந்து 1.5 செ.மீ., டீயின் உடலும் குறுக்குக் குழாயும் சேர்ந்து ஏறத்தாழ 2.7 செ.மீ. ஆகவே 30 செ.மீ. உயரத்துக்கு 25.8 செ.மீ., 15 செ.மீ. உயரத்துக்கு 10.8 செ.மீ. துண்டு போதும். டீயின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு சிறிது மாறும். ஒன்றைச் செய்து அளந்துவிட்டு மற்றதை அறுப்பது நல்லது. ஒரே உயரம் போதுமென்றால் தண்டு இணைப்பில் மட்டும் பசை போடலாம். நிற்கும் குழாய்க்கும் மரக்கட்டைக்கும் இடையில் எதுவும் வேண்டாம். அங்கேதான் கழற்றி எடுத்துப் போக வேண்டும்.

குறுக்குக் குழாயின் மேல், ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் நுரை உறையை மாட்டினால் கணுக்காலுக்கு நல்லது. விழுந்த குழாய் உருண்டோடி அடுத்த காலடியில் போய்க் கிடப்பதும் குறையும். கழன்று விழும் குழாய் உருளும் என்பது இந்த அமைப்பின் ஒரே குறை என்பதால் நுரையைத் தவிர்க்க வேண்டாம். இரு முனைகளிலும் 10 செ.மீ. வெறுமையாக விட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் பள்ளத்தில் உட்காராது. உறையின் தடிமனை உயரக் கணக்கில் கழித்துவிடுங்கள். கண்ணில் படுவதற்காக வண்ண டேப் சுற்றுபவர்களும் அந்த 10 செ.மீ.யைத் தொடக் கூடாது. வெயிலில் டேப்பின் பசை இளகி, குழாயைப் பள்ளத்தோடு ஒட்டவைத்துவிடும். காலையில் சுண்டுவிரலுக்கு விலகிய குழாய் மதியத்தில் விலகாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சரிபார்க்க ஒரு கிலோ ஸ்பிரிங் தராசு போதும். குறுக்குக் குழாயின் நடுவில் நூலைக் கட்டித் தராசைக் கிடைமட்டமாக மெல்ல இழுங்கள். முள் 200 கிராமை ஒட்டி வரும்போது குழாய் உதட்டில் ஏறி, உருண்டு, அந்தப் பக்கம் விழ வேண்டும்; தாங்கிகள் இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் பள்ளத்தை இன்னும் ராவுங்கள். பலத்த காற்று வீசும் நாளில் குழாய் தானாகவே விழலாம். அதற்காகப் பள்ளத்தை ஆழமாக்கவோ ரப்பர் பேண்டு போடவோ வேண்டாம். அன்றைக்கு வேறு பயிற்சி செய்யலாம். கூடாரக் கம்பிகளைப் போல எல்லாக் குழாய்களுக்குள்ளும் எலாஸ்டிக் கயிற்றைக் கோத்து மடக்கிவைக்கும் யோசனையும் புழங்குகிறது. எடுத்துப் போக வசதிதான், ஆனால் விடுபட வேண்டிய குழாயை அந்தக் கயிறு விடாது.

எடுத்துச் செல்ல இதிலும் சிரமம் இல்லை. இரண்டிரண்டு பலகைகளாகக் கட்டைகள் உட்பக்கம் இருக்கும்படி கவிழ்த்து அடுக்கினால் 12 பலகைகளும் 40 செ.மீ. உயரத்தில் அடங்கும். குழாய்களையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ ஏழு கிலோ வரும்.

வெயிலில் போட்டுவைப்பதுதான் பி.வி.சி.க்கு எமன். மேற்பரப்பு வெளிறி, தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்தக் குழாய் முறுகிவிட்டது என்று பொருள். அதன்பின் அது வளையாது, சில்லுச் சில்லாக உடையும். உடைந்த விளிம்பு கண்ணாடியைப் போலக் கீறும். அத்தகைய துண்டை வெட்டி வேறு பாகத்துக்குப் பயன்படுத்தலாமே என்றுகூட நினைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். மூங்கில் கழியும் வேண்டாம், பிளந்தால் சிராய் ஏறும்.

உயரம் பற்றிச் சுருக்கமாக: வேகக் காலடிப் பயிற்சிக்குக் கெண்டைக்காலின் பாதி உயரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் அது தாவும் பயிற்சியாக மாறிவிடும், காலின் வேகம் குறையும். இரு கால்களாலும் தாவ 30 செ.மீ. போதும், அதுவும் மண்ணிலோ புல்லிலோ மட்டும். தரையிறங்கும் சத்தம் பொத்தென்று கேட்டால் இடைவெளியை மாற்றுவதற்கு முன் உயரத்தைக் குறையுங்கள். விழுந்த குழாயை எடுத்து வைத்த பிறகே அடுத்தவரை அனுப்ப வேண்டும்.

அந்தக் குறிப்பைப் பார்த்து ஏற்கெனவே ஒட்டிச் செய்துவிட்டவர்கள் எல்லாவற்றையும் வீசிவிட வேண்டியதில்லை. மேலே எல்போக்களுக்குக் (மூலையில் வளையும் இணைப்புகளுக்குக்) கீழும், அடியில் டீக்களுக்கு மேலும் அறுத்தால் இரண்டு நிற்கும் குழாய்கள் மிஞ்சும். அவற்றைச் சரியான நீளத்துக்கு வெட்டி, பள்ளம் அறுத்த டீயை மாட்டிப் பலகையில் நிறுத்திவிடலாம். மணல் போட்ட குழாய்களின் மணலைக் கொட்டி, உள்ளே தண்ணீர் விட்டு அலசிக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். கட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் நான்கு மணல் துகள் மாட்டினாலும் குழாயைக் கழற்ற முடியாது. இந்தத் திருத்தத்தை அதே விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட்டால், குறிப்பைப் படித்தவர்கள் கண்ணில் இதுவும் படும்.

இப்படிக்கு,
தடகளப் பயிற்சியாளர்கள் இருவர்