சாலடரிங் அயர்னைச் சூடாக்கும் முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படங்களை எல்லோரும் பார்த்தோம். குழந்தையைவிட உன் மருமகன்தான் அதிகம் அழுதிருப்பார் போல. இங்கே அனைவரும் நலம்.

சரி, நீ கட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) விஷயத்துக்கு வருகிறேன். ரிச்சி தெருவில் ஒரே மாதிரி ரோட்டரி ஸ்விட்ச் (குமிழைத் திருகிப் படிப்படியாக மாற்றும் ஸ்விட்ச்) இரண்டு வாங்கி, ஒன்றை எந்தக் கருவியின் பாட்டைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் இன்புட் செலக்டருக்கும் மற்றதை வால்யூமுக்கும் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அந்த இரண்டு இடத்துக்கும் ஒரே வகை ஒத்துவராது.

குமிழைத் திருகும்போது நடுவழியில் என்ன நடக்கிறது என்று பார். நான்-ஷார்ட்டிங் வகை, பழைய முனையை விட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடும். ஷார்ட்டிங் வகை அடுத்ததைப் பிடித்த பிறகே பழையதை விடும்.

செலக்டருக்கு நான்-ஷார்ட்டிங் போடு. இல்லாவிட்டால் சிடி பிளேயரின் அவுட்புட்டும் ட்யூனரின் அவுட்புட்டும் ஒரு கணம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பெரும்பாலும் எதுவும் எரியாது, ஆனாலும் எதற்கு வம்பு? மாற்றும்போது 'டப்' என்று கேட்டால் ஒவ்வொரு இன்புட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிடு. கப்பாசிட்டர் வழியே கசியும் டிசி அதில் வடிந்துவிடும்.

வால்யூம்தான் வில்லங்கம். நீ வரைந்து அனுப்பியது ஷண்ட் வகை. சிக்னல் 47 கிலோ ஓம் வழியாக வருகிறது, அங்கிருந்து ஸ்விட்ச் படிக்கு ஒரு ரெசிஸ்டரைக் கிரவுண்டோடு இணைக்கிறது. இதில் நான்-ஷார்ட்டிங் ஸ்விட்சைப் போட்டால், படி மாறும் அந்த நொடியில் கிரவுண்டுக்குப் பாதையே இருக்காது. சிக்னல் குறையாமல் அப்படியே ஆம்புக்குள் போகும். ராத்திரி பதினொரு மணிக்குச் சத்தத்தைக் குறைக்கலாம் என்று திருகினால் ஒவ்வொரு படிக்கும் ஸ்பீக்கர் அலறும், அப்புறம் வீட்டில் உனக்குச் சோறு கிடைக்காது. ஷார்ட்டிங் வகையில் அடுத்தடுத்த இரண்டு ரெசிஸ்டர்களும் கணநேரம் இணையாக நிற்கும். சத்தம் லேசாக இறங்கி ஏறும், அவ்வளவுதான். காது அதைப் பொருட்படுத்தாது.

கையில் இருப்பது எந்த வகை என்று அறிய மல்டிமீட்டர் போதும். பஸ்ஸர் நிலையில் வைத்து, பக்கத்துப் பக்கத்து முனைகள் இரண்டில் புரோபைத் தொடு. பொது முனையில் வைக்காதே. குமிழை மெல்லத் திருகு. அந்த இரண்டு படிக்கும் நடுவில் 'பீப்' வந்தால் ஷார்ட்டிங்.

கான்டாக்ட் வெள்ளியா, தங்க முலாமா என்றும் கேட்டிருந்தாய். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். ஆடியோ சிக்னலின் சொற்ப மின்னோட்டத்துக்கு அந்தப் படலத்தை உடைக்கும் வலு கிடையாது. தினமும் திருகும் வால்யூமுக்கு வெள்ளி போதும், உராய்விலேயே சுத்தமாகிக்கொள்ளும். மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் செலக்டருக்குத் தங்க முலாம் வாங்கு. தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே.

சோதித்துப் பார்த்துவிட்டு எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு